யார் பேரில் இருக்கிறது இந்த லேப்டாப்?

அத்தியாயம் பதினேழு

ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருப்பது பெரிய விஷயமில்லை. அந்த இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் ஒரே ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தால்தான் சங்கடம்.

பின்னறைச் சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். புருஷனை விட்டுவிட்டுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த நாள் முதல் அக்காவின் ஜாகை தம்பி வீட்டுப் பின்னறைதான். தம்பி மனைவிக்கு இப்போது எட்டாம் மாதம். "குழந்தை வந்தா அந்த ரூம் வேணும் அண்ணி," என்று போன வாரம் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டாள். சொன்னது அவள்தான். ஆனால் அக்காவுக்குக் கோபம் அவள் மேல் இல்லை. தட்டைப் பார்த்தபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தானே உடன்பிறந்தவன், அவன் மேல்.

அன்றிலிருந்து பேச்சில்லை. இன்று காலையும் ஸ்கூட்டரின் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். வழக்கமாக அவன் தோளைப் பிடிப்பாள். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டபோதுகூடப் பிடிக்கவில்லை. ரோஷம் என்று வந்துவிட்டால் இந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை.

ஆபீஸ் என்பது வாகனக் காப்பீட்டு ஆபீஸ். மூன்று மாடி. அடிபட்ட வண்டிகளின் போட்டோக்களைப் பார்த்து, இதற்கு எவ்வளவு கொடுக்கலாம், இது விபத்தா இல்லை வேண்டுமென்றே இடித்ததா என்று குறிப்பு எழுதி மேலே அனுப்புவது அக்காவின் வேலை. அவளுக்கு இரண்டாம் மாடி. தம்பிக்கு மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர் உதவி அறை. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஆபீஸ் முழுக்க அவளுக்கு 'அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவனுக்கு ஆபீசில் 'ரீஸ்டார்ட்' என்று பெயர். யார் வந்து என்ன சொன்னாலும் "முதல்ல ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பான். பத்தில் ஒன்பது கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும்.

அன்றைக்கு அக்காவுக்கு வந்தது பத்தாவது.

லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டு போட்டாள். மூலையில் வைஃபை அடையாளத்தின் மேல் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. ஆபீஸ் நெட்வொர்க்கின் பெயர் தெரிந்தது, சிக்னலும் முழுசாக இருந்தது. ஆனால் இணைக்கச் சொன்னால் வட்டம் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் 'இந்த நெட்வொர்க்கில் இணைக்க முடியவில்லை' என்று கையை விரித்தது.

வேறு ஆபீசாக இருந்தால் இது அரை மணி நேர எரிச்சல். இந்த ஆபீசில் அப்படி இல்லை. காரணம் இருக்கிறது. இங்கே யாரையாவது வேலையை விட்டு அனுப்புவதானால் கூப்பிட்டுச் சொல்வதில்லை. காலையில் அவருடைய லேப்டாப்பை மட்டும் நெட்வொர்க்கில் சேராதபடி தடை போட்டுவிடுவார்கள். அவர் ஏதோ கோளாறு என்று நினைத்து, அதைத் தூக்கிக்கொண்டு தானே மூன்றாம் மாடி ஏறுவார். உதவி அறைக்கு அடுத்த கதவு, ஆள் எடுப்பதும் அனுப்புவதும் பார்க்கும் பர்சனல் அறை. "கொஞ்சம் உள்ள வாங்க" என்பார்கள். ஆளும் தன் காலாலேயே வந்தாயிற்று, கம்பெனியின் லேப்டாப்பும் கையோடு வந்தாயிற்று. சத்தமில்லை, மற்றவர்கள் வேலை கெடுவதில்லை. கழுத்தை அறுப்பதிலும் ஒரு நாகரிகம் வேண்டும் அல்லவா.

'வைஃபை போனா வேலை போச்சு' என்று கேன்டீனில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் எல்லோரும் வைஃபை இருக்கிறவர்கள்.

அக்கா வைஃபையை அணைத்துப் போட்டாள். நெட்வொர்க்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தாள். ரீஸ்டார்ட் செய்தாள். தேதியும் நேரமும் தப்பாக இருந்தால் சேராது என்று தம்பி எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து அதையும் பார்த்தாள். சரியாக இருந்தது. தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருந்தது அவளுக்கு.

"சார், உங்களுக்கு நெட் வருதா?" என்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்டாள். ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கிறது என்று எதற்கெடுத்தாலும் சொல்வதால் அவருக்கு 'ரெண்டு வருஷம்' என்றே பெயர்.

"வருதே. நல்லாவே வருது," என்றார். சொன்ன பிறகுதான் அவள் ஏன் கேட்கிறாள் என்று உறைத்தது. "ரூட்டர்ல ஏதாவது இருக்கும் அக்கா," என்றார் அவசரமாக.

ரூட்டர் அவர்கள் இருவரின் தலைக்கு நேர் மேலே, கூரையில், பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. அவர் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு நாற்காலியை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

மாதக் கோப்புகள் எல்லாம் மதியத்துக்குள் மேலே போயாக வேண்டும். போகாவிட்டால் அந்தப் பழி தனியாக வரும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியேறினால் அந்தக் கதவு. வேலை போனால் என்ன ஆகும் என்று அக்கா உட்கார்ந்து யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை. புருஷன் வீட்டிலிருந்து வந்த பிறகு அவளுக்கு என்று இருப்பது இந்தச் சம்பளம் ஒன்றுதான். அது இருப்பதால்தான் தம்பி வீட்டில் தலை நிமிர்ந்து சாப்பிடுகிறாள். அது போனால் பெண்ணோடு அவன் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும். அதுவும் அறையைக் காலி செய்யச் சொன்ன வீட்டில்.

ரோஷத்தை மடித்து வைத்துவிட்டு மேசைத் தொலைபேசியை எடுத்தாள்.

"உதவி அறை," என்றான் தம்பி.

"நான்தான். எனக்கு நெட் வரல."



"ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

கோபம் இருந்தால்தான் இந்தக் குடும்பத்தில் மரியாதை வரும்.

"எல்லாம் பண்ணியாச்சுங்க," என்றாள் அவளும் விடாமல்.

"சரி. நீ மேல வராத. நான் கீழ வரேன்."

வந்தான். கழுத்தில் ஒரு கேபிள், கக்கத்தில் அவனுடைய லேப்டாப். அவள் முகத்தைப் பார்க்காமல் நேரே மெஷினிடம் போனான். டாக்டர்கள் சொந்தக்காரர்களைப் பார்க்க வரும்போது இப்படித்தான் வருவார்கள்.

"புதுசா ஏதாவது இன்ஸ்டால் பண்ணியா?"

"இல்ல."

"அப்டேட் ஏதாவது கேட்டுச்சா?"

"கேக்கல."

தன் போனை அதே மேசையில் வைத்துப் பார்த்தான். போன் உடனே சேர்ந்தது. லேப்டாப்பின் வைஃபை கார்டை முடக்கி மறுபடி எழுப்பினான். பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டான். மேசைக்கு அடியில் குனிந்து, சுவரில் இருந்த சாக்கெட்டில் கேபிளைச் செருகினான். கேபிளிலும் வரவில்லை. அதன் பிறகு அவன் பேச்சு குறைந்தது.

லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தான். உண்மையில் அது அவனுக்கு வந்த லேப்டாப். கோப்பு பார்க்கிறவர்களுக்கு மெஷின் முழுசாகச் செத்தால்தான் புதுசு தருவார்கள். உதவி அறைக்காரர்களுக்கு முதலிலேயே நல்லது கிடைக்கும். அக்காவின் பழைய லேப்டாப்பில் பாதிப் பொத்தான்கள் விழுந்து, கோப்புக்குக் கோப்பு அவள் அழுதுகொண்டிருந்தபோது, போன வருஷம் அவன் தன்னுடையதை அவளிடம் கொடுத்துவிட்டுப் பழசைத் தான் எடுத்துக்கொண்டான். உதவி அறைப் பதிவில் பெயர்களையும் மாற்றிப் போட்டான். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது.

அந்தப் பழசைத் திறந்து, எண்ணை அடித்துத் தேடினான். திரையைப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். பிறகு மூடியைப் பாதி சாய்த்துவிட்டு, "ஜெராக்ஸ் ரூமுக்கு வா," என்றான்.

ஜெராக்ஸ் அறையில் இருவர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. கதவைச் சாத்தினான்.

"என்னடா?"

"கோளாறு இல்லக்கா."

"அப்புறம்?"

"தடை போட்டிருக்காங்க. காலைல. மேல இருந்து ஆர்டர்."

ஒரு மெஷினில் கோளாறு இல்லை என்று கேட்டு ஒரு பொம்பளை பயப்படுவது இந்த ஆபீசில்தான் நடக்கும். அக்கா ஜெராக்ஸ் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். யாரோ இப்போதுதான் உபயோகித்துவிட்டுப் போயிருக்க வேண்டும், அது சூடாக இருந்தது.

"என் பேருதானா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். உன் பேருதான்."

"நீ அந்த ரூம்லதானடா இருக்க. உனக்குத் தெரியாதா?"

"என் கைக்கு வரலக்கா. சாரே நேரா பண்ணியிருக்கார். காலைல இருந்து என் மூஞ்சியப் பாக்காம பேசிட்டு இருந்தார். எதுக்குன்னு இப்பதான் புரியுது."

சார் என்பது உதவி அறையின் தலைவர். கண்ணாடி போட்ட, ஒல்லியான, யாரையும் அதட்டத் தெரியாத மனிதர்.

சாத்திய கதவை அக்கா ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அதை எடுத்துவிட முடியாதா?"

"முடியும். ரெண்டு க்ளிக்தான். ஆனா ஆர்டர் இல்லாம எடுத்தா, எடுத்தவனும் அன்னைக்கே வெளிய. சேரும்போதே அதுல கையெழுத்து வாங்கிடுவாங்க."

இந்த இடத்தில் அக்கா, 'அப்படின்னா வேண்டாம்டா' என்று சொல்லியிருக்க வேண்டும். பெரியவள் அவள். அவனுக்கு நாளைக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. அவள் சொன்னது இது:

"சரி, விடு. ரூமையும் காலி பண்ணிடறேன். ரெண்டும் ஒண்ணாவே போகட்டும்."

எங்கே அடித்தால் வலிக்கும் என்பது கூடப்பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். தம்பி தரையைப் பார்த்தான்.

"அன்னைக்கு நான் பேசியிருக்கணும்," என்றான்.

"அதை இப்ப எதுக்கு."

"இல்லக்கா. பேசியிருக்கணும்."

ஜெராக்ஸ் மெஷின் மேலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்தான். "தப்பான நம்பரா இருக்கும். போன தடவைகூட ஒரு நம்பரை மாத்திப் போட்டு, சம்பந்தமே இல்லாத ஆளை மேல வரவெச்சு, அப்புறம் மன்னிப்புக் கேட்டாங்க. அப்படித்தான் இருக்கும். நான் எடுத்துவிட்டுட்டு சார்கிட்ட பேசிக்கறேன்."

அவன் அதை நம்பினானா, நம்புவதாகக் காட்டிக்கொண்டானா என்று அக்கா ஆராயவில்லை. ஆராய்ந்தால் தடுக்க வேண்டி வரும். இரண்டு க்ளிக். அவன் விரல் இரண்டாவதற்கு முன்னால் கொஞ்சம் நின்றது. பிறகு அழுத்திவிட்டான்.

அவள் மேசைக்குத் திரும்பியபோது பெருக்கல் குறி போயிருந்தது.

அதன் பிறகு அக்கா வேலை செய்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நசுங்கிய பம்பர், உடைந்த கண்ணாடி, பக்கவாட்டில் கீறல், எல்லாம் குறிப்பெழுதி ஒவ்வொன்றாக மேலே போயின. ஒரு கோப்பில்கூடத் தப்பு வரக் கூடாது என்று ஒவ்வொன்றையும் திரும்பப் படித்தாள். குறை சொல்ல இடம் கொடுக்காவிட்டால் எப்படி அனுப்புவார்கள் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. 'ரெண்டு வருஷம்' நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து, "ரூட்டர்தான்னு நான் அப்பவே சொல்லல?" என்றார்.

கடைசிக் கோப்பும் போன பிறகு தொலைபேசி அடித்தது.

"பர்சனல்ல இருந்து பேசறோம். கொஞ்சம் மேல வாங்க. உங்க மேசை மேல இருக்கிற லேப்டாப்பையும் எடுத்துட்டு வாங்க."

அக்கா எழுந்தாள். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு வரிசை மேசைகளுக்கு நடுவே நடந்தாள். ஒருவரும் தலை தூக்கவில்லை. அவளும் இதே மாதிரி எத்தனையோ தடவை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். படியேறும்போது, பெண்ணிடம் என்ன சொல்வது என்பதைவிட, தம்பி மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவளுக்குப் பெரிசாக இருந்தது.

பர்சனல் அறையில் மேடம் இருந்தார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆளை அனுப்பும்போதும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். பக்கத்தில் உதவி அறை சார். எதிர் நாற்காலியில் தம்பி. எனக்காகப் பேச வந்திருக்கிறான் என்று நினைத்தாள் அக்கா. நினைத்ததும் கண் கலங்கியது.

"உட்காருங்க," என்றார் மேடம். "பயப்படாதீங்க. இது உங்களப் பத்தி இல்ல."

அக்காவுக்குப் புரியவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவன் மேசையில் அவள் வைத்த லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"உதவி அறையில ஒரு ஆள் போதும்னு முடிவாகியிருக்கு," என்றார் மேடம். "உங்க தம்பியோட வேலைய எடுக்கறோம். அவர்தான் உதவி அறை, அவர்கிட்டயே எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு, வழக்கம்போல காலைல அவர் மெஷினுக்குத் தடை போட்டோம். எங்க பதிவுல அவர் பேர்ல இருக்கிற மெஷின் இதுதான்."

விஷயம் இவ்வளவுதான். லேப்டாப் யார் பேரில் இருக்கிறது என்று இந்த ஆபீசில் இரண்டு இடத்தில் எழுதிவைக்கிறார்கள். ஒன்று உதவி அறையில், இன்னொன்று பர்சனல் அறையில். தம்பி தன் கைக்கு எட்டிய இடத்தில் பெயரை மாற்றினான். இன்னொரு இடத்தில் மாற்றப் போனால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன், விட்டதையும் மறந்துவிட்டான். அவன் திரையில் அது அக்காவின் மெஷின். மேடத்தின் திரையில் அது அவன் மெஷின்.

முதலில் அக்காவுக்கு வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. நான் இல்லை, என் வேலை இருக்கிறது என்று உடம்பெல்லாம் லேசாகிப் போனது. ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த மூச்சில் அவளுக்குத் தன்னை நினைத்தே கூசியது. ஆனால் முதலில் வந்தது முதலில் வந்ததுதான்.

மேடம் தொடர்ந்தார். "நல்லபடியா அனுப்பறதாத்தான் இருந்தோம். நல்ல சர்டிபிகேட், வேற இடத்துக்கு சிபாரிசு, எல்லாம். ஆனா தடை போட்ட தன் மெஷினை இவரே திறந்திருக்கார். இது வேற மாதிரி ஆயிடுச்சு. இனிமே எந்த ஆபீஸ் விசாரிச்சாலும் நாங்க இதைச் சொல்லித்தான் ஆகணும்."

கம்ப்யூட்டர் வேலையில் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய கறை கிடையாது. திருடினான் என்பதுகூட இதற்குப் பிறகுதான்.

"ஒரே ஒரு சந்தேகம்," என்று மேடம் அக்கா பக்கம் திரும்பினார். "தடைய எடுத்ததுக்கப்புறம் இந்த மெஷின் ரெண்டாம் மாடியில இருந்து ஓடியிருக்கு. உங்க மேசைப் பக்கம். அது எப்படி?"

வழி திறந்திருந்தது. இது நான் வைத்திருக்கும் மெஷின், எனக்காகத்தான் எடுத்தான், தன்னுடையது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னால் போதும். வேலை திரும்பக் கிடைக்காவிட்டாலும் அவன் பேர் மிஞ்சும். ஆனால் அனுமதியில்லாமல் அடுத்தவர் மெஷினை ஒரு வருஷம் வைத்திருந்ததும், தடையை எடுக்கச் சொல்லிக் கேட்டதும் வெளியே வரும். 

தம்பி முந்திக்கொண்டான்.

"நான்தான் மேடம் அங்க உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு நெட் வரலன்னு பாக்கப் போனேன். என் மெஷினை அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன்."

சார் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறந்தார். திரையில், முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்போடு, அக்காவின் பெண்.

"யாரு இந்தக் குழந்தை?" என்றார் மேடம்.

"எங்க வீட்டுக் குழந்தை," என்றான் தம்பி.

அன்றைக்கு அந்த அறையில் அவன் சொன்னதில் பொய்யே கலக்காதது அது ஒன்றுதான். படத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில், யாருடைய பெயரில் உள்ளே போக வேண்டும் என்பதும் இருந்தது. அக்காவின் பெயர். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். சார் கண்ணாடி போட்டிருந்தார். சார் மூடியைச் சாத்தினார்.

"அவர் சொல்றது சரிதானா?" என்று மேடம் அக்காவைக் கேட்டார்.

தம்பி அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை அவளால் சொல்லியிருக்க முடியாது.

"ஆமா," என்றாள் அக்கா.

மேடம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவள் வாங்கிக் குடித்தாள்.

சாயங்காலம் வரை அவள் வேலை பார்த்தாள். சார் அந்தப் பழைய லேப்டாப்பைக் கீழே அனுப்பியிருந்தார். பாதிப் பொத்தான்கள் இல்லாத அது, திறந்ததும் ஒரு வம்பும் பண்ணாமல் நெட்வொர்க்கில் சேர்ந்துகொண்டது. மாதக் கோப்புகளை நேரத்துக்கு முன்பே அனுப்பியதற்காகப் பிரிவு மேலாளர் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தார். 'ரெண்டு வருஷம்' எட்டிப் பார்த்து, "நல்லவேளை, உங்களுக்கு ஒண்ணும் ஆகல," என்றார். விஷயம் இன்னும் அவர் காதுக்கு வரவில்லை.

தம்பி ஸ்கூட்டர் நிறுத்தத்தில் காத்திருந்தான். மதியத்திலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறான். முன்னதாக வீட்டுக்குப் போனால் ஏன் என்று கேட்பாள் அவன் மனைவி.

"சாப்பிட்டியாடா?"

"பசிக்கல."

அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

"நான் மேல போய் உள்ளதைச் சொல்லிடறேன்டா. மேடம் இன்னும் கிளம்பல."

"சொல்லி? ரெண்டு பேரும் வீட்ல உட்காரவா?" என்றான் தம்பி. "அவளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருக்கு, உன் பொண்ணு படிக்கணும். இனிமே உன் சம்பளம்தான் நாலு பேருக்கும். பேசாம இரு."

அவன் இப்படித்தான் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்டாள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"வீட்ல இப்ப சொல்ல வேண்டாம்க்கா. பிரசவம் முடியட்டும். எப்பவும்போல காலைல ஒண்ணா கிளம்புவோம். உன்னை இங்க இறக்கிவிட்டுட்டு நான் வேலை தேடறேன். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சர்டிபிகேட் இல்லாம எங்கடா தேடுவ?"

"பாக்கலாம்," என்றான். வண்டியை நெருக்கத்திலிருந்து பின்னால் இழுக்கப் போனான்.

அப்போதுதான் சார் வந்தார். தம்பி குனிந்து ஒவ்வொரு வண்டியாக நகர்த்திக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ஸ்கிரீன்ல யார் பேர் இருந்துச்சுன்னு நான் பாத்தேம்மா," என்றார். எப்போதும் அக்கா என்றே கூப்பிடுகிறவர். "காலைல இருந்து கோப்பு எல்லாம் யார் பேர்ல போச்சுங்கறதும் எனக்குத் தெரியும். மேடத்துக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது. நான் எழுதிக் குடுக்கறதுதான் அவங்களுக்கு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கணும். உள்ளதை எழுதினா அவனுக்கு அந்தக் கெட்ட பேர் போயிடும். வேற இடத்துல வேலை கிடைக்கும். உங்களுக்கு என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அவன் சொன்னதையே எழுதினா, அவன் இனிமே இந்தத் தொழிலையே மறந்துட வேண்டியதுதான். நல்ல பையன். அவனுக்கு வேலை கத்துக் குடுத்தது நான். என் கையால எழுத மனசு வரல. அதுக்காக உங்க வீட்டு விஷயத்துல நான் ஒரு முடிவெடுக்கவும் முடியாது. அவன்கிட்டயும் கேட்டுக்கங்க. என்ன எழுதட்டும்னு காலைல நீங்க சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினான். கையில் ஒட்டியிருந்த கிரீஸைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டான்.

"சார் என்னக்கா சொன்னாரு? என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

அவன் கேட்டதில் கொஞ்சம் ஆசை இருந்தது. அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமில்லடா," என்றாள். "வண்டிய எடு."